முன்வரிசைப் பெட்டிகள்

சரக்கை இறக்குமதி செய்த சம்ஃபிரா, நிஸ்தோருக்கும் பண்டேலேக்கும் சேர்த்துத் தர வேண்டியிருந்தது இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து லெய். இஸ்தான்புல் லாரியை இறக்கிய கூலி அதில் பாதிகூட இல்லை. மீதி எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிய கூலி. முந்நூற்றுச் சொச்சம் ரூம் ஹீட்டர்களையும் ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்து, முதுகில் ருமேனிய மொழி ஸ்டிக்கரை ஒட்டி, திரும்பப் பெட்டியில் வைத்து டேப் போட வேண்டும். இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், எச்சரிக்கை எல்லாம் அந்த மொழியில் இல்லாமல் கான்ஸ்டன்ட்சா துறைமுக வாசலை ஒரு ஹீட்டரும் தாண்டாது. தாண்டுவதற்கு முன்னால் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து மாதிரி எடுத்துச் சோதித்து, விடுவிப்புச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

"சீட்டு வந்த மறுநாளே காசு," என்று சம்ஃபிரா சொல்லியிருந்தாள். "இப்ப என் பையில இருக்கிறது சிகரெட்டுக்குத்தான் காணும் அண்ணே. வேணும்னா ஒரு சிகரெட் எடுத்துக்கங்க."

பண்டேலே இரண்டு எடுத்துக்கொண்டான். நிஸ்தோர் புகைப்பதில்லை.

நிஸ்தோருக்கு எழுத்து வந்ததே ஐம்பது தாண்டித்தான். அதற்கு முன்னால் பாலுக்கும் விஷத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார், நேராக ஒட்டினோமா என்பது மட்டும்தான் அவர் கவலை. இப்போது அப்படி முடியவில்லை. ஒட்டுகிற கை ஒட்டிக்கொண்டிருக்க, கண் தானாக எழுத்துக் கூட்டிப் படித்துவிடுகிறது. முதல் நாள் மத்தியானத்துக்குள் அந்த ஸ்டிக்கர் அவருக்கு மனப்பாடம். அதில் மூன்றாவது வரி: கவிழ்ந்தால் தானாக அணையும்.

எப்படி அணையும் என்று பார்க்கும் ஆசை வந்தது. பண்டேலே சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கிடங்கு மூலையில் இருந்த பிளக்கில் ஒன்றைச் செருகினார். கம்பி சிவந்ததும் கையால் சாய்த்தார். உள்ளே 'டிக்' என்றது. சிவப்பு போய்விட்டது. சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தது அவருக்கு. இன்னொன்றை எடுத்துச் செருகிச் சாய்த்தார். சத்தம் இல்லை. ஹீட்டர் முகம் குப்புறக் கிடந்து, கீழே இருந்த அட்டை பழுப்பாகி, பிறகு கறுத்து, புகை வந்தது. பிளக்கைப் பிடுங்கி அட்டையைக் காலால் மிதித்தார்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே ஹீட்டர். ஒரே வெள்ளை, ஒரே பெட்டி. சாய்த்துக் காதில் வைத்தால்தான் வித்தியாசம் தெரிந்தது. லாரியில் கதவோரமாக வந்த முதல் நாற்பது பெட்டிகளில் 'டிக்' இருந்தது. மற்றதில் இல்லை.

"என்னண்ணே தீஞ்ச நாத்தம்?" என்று பண்டேலே உள்ளே வந்தான்.

"எவனோ சிகரெட்டை அணைக்காம போட்டுட்டான்."

"எவனோன்னா நான்தானே? இங்க வேற யாரு இருக்கா? சொல்லித் திட்டலாமே." சிரித்துக்கொண்டே டேப்பை எடுத்து உட்கார்ந்தான்.

நிஸ்தோர் சொல்லவில்லை. சொன்னால் சரக்கு நிற்கும். சரக்கு நின்றால் கூலி நிற்கும். வீட்டில் குளிர்காலத்துக்கு விறகு இன்னும் வாங்கவில்லை, விறகுக்காரன் கடன் தருவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது.

துறைமுகத்தில் இறக்குகூலிக்காரர்கள் 'முகம் வைப்பது' என்று ஒன்று செய்வார்கள். நசுங்கின பெட்டி, நனைந்த பெட்டியை உள்ளே தள்ளி, நல்ல பெட்டிகளை வெளிப்பக்கமாக அடுக்குவது. மாதிரி எடுக்க வருபவர் எப்போதும் கைக்கு எட்டுவதைத்தான் எடுப்பார். அட்டை நசுங்கினதற்காகச் சரக்கை ஏன் ஒரு வாரம் நிறுத்த வேண்டும் என்று அலுவலகக்காரர்களுக்கும் தோன்றும், அதனால் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிடுவார்கள். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. சம்ஃபிராவும் கேட்டிருந்தாள்: "அண்ணே, முகம் கொஞ்சம் நல்லா வெச்சுருங்க. வர்ற வழியில மழை."

நிஸ்தோர் முகம் வைத்தார். நனைந்த பெட்டி எது என்று அவர் பார்க்கவே இல்லை. 'டிக்' இருந்த நாற்பதையும் முன்வரிசையில் அடுக்கினார்.

வியாழக்கிழமை கெராசிம் வந்தார். பாதுகாப்பு அலுவலகத்தில் இருபது வருஷமாக இருப்பவர். கடல் காற்று அன்று ஆளைத் தள்ளியது. ஒரு முழங்காலில் பட்டி கட்டியிருந்தார், காரிலிருந்து இறங்கவே நேரம் எடுத்தது.

"எங்கேயிருந்து வேணா மூணு பெட்டி எடுத்துட்டு வாங்க நிஸ்தோர். நான்தான் எடுக்கணும், ஆனா இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஏற முடியாது. உள்ளேயிருந்து ஒண்ணு, நடுவுல ஒண்ணு, வெளிய ஒண்ணு. சரியா?"

"சரி சார்."

நிஸ்தோர் குவியலைச் சுற்றிப் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு பக்கவாட்டில் கை நீட்டி முன்வரிசையிலிருந்து மூன்றை உருவிக்கொண்டு வந்தார். மூன்றும் சாய்த்ததும் அணைந்தன. கெராசிம் தாளை நிரப்பி, கீழே ஓரிடத்தைக் காட்டினார்.

"சாட்சி. மாதிரி குவியலோட எல்லாப் பக்கத்துலேருந்தும் எடுத்ததுன்னு. போன வருஷம்கூட கட்டைவிரல் வெச்ச மாதிரி ஞாபகம்."

"இப்ப எழுத வரும் சார்."

நிஸ்தோர் தன் பெயரை முழுசாக எழுதினார். அரசாங்கத் தாளில் அவர் பெயர் எழுதுவது அதுதான் முதல் தடவை. கடைசி எழுத்தில் பேனா கொஞ்சம் வழுக்கியது.

"அடடே, என் கையெழுத்தைவிட இது நல்லா இருக்கே," என்றார் கெராசிம். மனசாரத்தான் சொன்னார். நிஸ்தோருக்குக் காது சுட்டது. காற்றினால் என்று கெராசிம் நினைத்திருப்பார்.

மறுநாள் காலை சம்ஃபிரா தன் பழைய வேனை ஓட்டிக்கொண்டு வந்தாள். சரக்கை வாங்குகிறவன் பக்கத்து ஊரான மெட்ஜிடியாவில் காத்திருந்தான். அவன் தந்த முன்பணம் அவள் நினைத்ததைவிடக் குறைவு. ஆயிரம் லெய்யை எண்ணி நிஸ்தோர் கையில் வைத்தாள்.

"மிச்சம் ஆயிரத்து நானூத்திப் பத்து, திங்கக்கிழமை. நம்புங்க அண்ணே. நம்பலேன்னாலும் திங்கக்கிழமைதான்." சிரித்தாள். "அதுவரைக்கும் ஆளுக்கொரு ஹீட்டர் எடுத்துக்கங்க. கணக்குல சேராது. குளிர் வருதுல்ல."

பண்டேலே கையிரண்டையும் தேய்த்துக்கொண்டான். "தாயே, நீ நல்லா இருக்கணும்! எங்க வீட்டுக் குட்டி தவழ ஆரம்பிச்சிட்டா. தரை ஐஸ் மாதிரி இருக்கு. எம் பொண்டாட்டி தெனமும் உயிரை வாங்குறா." வேனில் ஏற்றியிருந்ததில் கைக்கு எட்டிய பெட்டியை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். அது பின்வரிசைப் பெட்டி.

"அது வேண்டாம்," என்றார் நிஸ்தோர்.

"ஏன்?"

"அட்டை நசுங்கியிருக்கு. வேற தரேன், வை."

"அட்டையிலயா அண்ணே குளிர்காயப் போறேன்?"

நிஸ்தோர் வேனுக்குள் ஏறினார். ஒரு பெட்டியைத் தூக்கிச் சாய்த்தார், வைத்தார். இன்னொன்றைச் சாய்த்தார். மூன்றாவதில் 'டிக்' கேட்டது. அதைப் பண்டேலேயிடம் நீட்டினார். தனக்கும் ஒன்று தேடினார். தேடும்போதுதான் சம்ஃபிரா வேன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார்.

"என்னண்ணே ஆட்டி ஆட்டிப் பாக்குறீங்க? தர்பூசணியா அது?"

"சும்மாம்மா."

"சும்மாவா காதுல வெச்சுப் பாக்குறீங்க?"

அவள் ஏறி வந்து அவர் கையிலிருந்ததை வாங்கிச் சாய்த்தாள். அவர் ஒதுக்கி வைத்ததையும் சாய்த்தாள். பிறகு இன்னும் நாலைந்து. வியாபாரம் செய்பவள், புரிய அதிக நேரம் ஆகவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"ரெண்டு சரக்கைக் கலந்து எந்தலையில கட்டிட்டான் அந்தத் துருக்கிக்காரன்," என்றாள் மெதுவாக. பிறகு நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

"ஸ்டிக்கர் ஒட்டும்போதே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சரக்கு நிக்கும். எங்க காசும் நிக்கும்."

"முகம் வெக்கச் சொன்னேன் நான். நனஞ்ச பெட்டிக்குச் சொன்னேன்." அவள் குரல் உயரவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "ஒவ்வொரு ஹீட்டர்லயும் என் பேரு இருக்கு அண்ணே. என் வீட்டு விலாசம் இருக்கு. எவ வீடாவது எரிஞ்சா என் வாசல்லதான் வந்து நிப்பா. உங்க கையாலதானே ஒட்டுனீங்க? என்ன எழுதியிருக்குன்னு படிக்கலையா?"

"படிச்சேன்."

படிக்கத் தெரியாது என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். போன வருஷம் வரை அது நிஜமாகவும் இருந்தது.

பண்டேலே தன் தோளில் இருந்த பெட்டியை இறக்கித் தரையில் வைத்தான். வைத்துவிட்டு அதையே பார்த்தான். "எம் புள்ளைக்கு மட்டும் நல்லதாப் பொறுக்கிக் குடுத்தியாக்கும்," என்றான். "மெட்ஜிடியாவுல புள்ளைங்க இல்லையா?" நன்றியாகச் சொன்னானா, திட்டினானா, அவனுக்கே தெரிந்திருக்காது. ஆனால் முதல் தடவையாக அண்ணே என்று சொல்லவில்லை.

சம்ஃபிரா ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்து என்ஜினைப் போட்டாள். சீட்டு கையில் இருந்தது. வாசல் திறந்திருந்தது. மெட்ஜிடியா நாற்பது நிமிஷத் தூரம்கூட இல்லை. வேன் உறுமிக்கொண்டே நின்றது. நிஸ்தோர் கீழே இறங்கி நின்றார். அவள் போய்விட்டால் நல்லது என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. தோன்றியதை நினைத்து உடம்பு கூசியது.

அவள் என்ஜினை அணைத்தாள்.

"கடன் வாங்கித்தான் சரக்கு எடுத்தேன்," என்றாள் கண்ணாடியைப் பார்த்தபடி. "கெராசிம் சார்கிட்ட யாரு போய்ச் சொல்றது? நானா, நீங்களா?"

"கையெழுத்து என்னுது. நான் போறேன்."

"நானும் வரேன். பாதி வழியில நீங்க திரும்பிட்டா?"

அந்தச் சொல்லுக்கு அவர் வருத்தப்படக்கூட முடியவில்லை.

கெராசிம் மேஜையில் மக்காச்சோளக் களியும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிஸ்தோர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பின்பக்கம் போனது, நின்றது, பக்கவாட்டில் கை நீட்டியது வரைக்கும். கெராசிம் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"நான் எடுத்திருக்க வேண்டியது," என்றார். "வேற எவனாவது இதைக் கேட்டா முதல்ல என்னைத்தான் கேப்பான். முழங்கால் வலின்னு சட்டத்துல எங்கேயும் இல்ல." அவர் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து, விடுவிப்பை ரத்து செய்து எழுதி, காரணத்தையும் எழுதினார். தன் பெயரையும் தன் தவறையும் மறைக்காமல் எழுதினார். பிறகு தாளை நிஸ்தோர் பக்கம் திருப்பினார். "இங்கயும் ஒரு கையெழுத்து."

இந்தத் தடவை அவர் எதுவும் பாராட்டவில்லை.

சரக்கை நல்லது கெட்டது என்று பிரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஒரு இறக்குமதி என்றால் ஒரே சரக்கு, அவ்வளவுதான். திருப்பி அனுப்ப லாரி வாடகை ஹீட்டர் விலையைவிட அதிகம் ஆனது. கடைசியில் மொத்தத்தையும் அழிக்க உத்தரவு வந்தது. அழிக்கும் வேலையும் இறக்கியவர்களுக்கே வரும், அதுதான் அங்கே வழக்கம். கெராசிம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிக்கை போட, நிஸ்தோரும் பண்டேலேயும் சம்மட்டியால் உடைத்தார்கள். பண்டேலே வீட்டுக்கென்று ஒதுக்கிய அந்த ஒன்றும் அதில் இருந்தது. இரண்டு நாள் வேலை. அதற்கான கூலியையும் சம்ஃபிராதான் தர வேண்டும் என்பது விதி. பண்டேலே முதல் அடியை வைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டான்:

"இதுக்கு நீ காசு கேட்டேன்னு வெச்சுக்க நிஸ்தோரு, அடுத்த அடி ஹீட்டர் மேல விழாது."

"கேக்கலடா."

சம்மட்டி ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் ஸ்டிக்கர்கள் மட்டும் கிழியாமல் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. நல்ல பசை. வேலை நடந்த இரண்டு நாளும் சம்ஃபிரா அந்தப் பக்கம் வரவில்லை. கிடங்குக்காரர்கள் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டு நிஸ்தோரைப் பார்ப்பார்கள், பிறகு வேறு எதையோ பேசுவார்கள். அவர் மத்தியானச் சாப்பாட்டை வெளியே காற்றில் நின்று சாப்பிடப் பழகிக்கொண்டார்.

குளிர்காலம் போயிற்று. விறகுக்குப் பதில், கிடங்கில் சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளில் உடைந்ததை எரித்து நிஸ்தோர் சமாளித்தார். மிச்சக் கூலியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. பண்டேலேயும் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள், தேவையான பேச்சு மட்டும் பேசினார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் சம்ஃபிரா பஸ்ஸில் வந்து இறங்கினாள். வேனை விற்றுவிட்டாள் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார்கள். கிடங்கு வாசலில் நின்று பையிலிருந்து பணத்தை எடுத்தாள்.

"ஆயிரத்து நானூத்திப் பத்து."

"வேண்டாம்மா," என்றார் நிஸ்தோர். "விட்டுருங்க. என்னால உங்களுக்கு எவ்வளவு..."

"ஒட்டுன கூலி. ஒட்டுனீங்க, நேராத்தான் ஒட்டுனீங்க. நீங்க விட்டுட்டா பெரிய மனுஷன் ஆயிருவீங்க, கடன் என் மேல நிக்கும். அதெல்லாம் எனக்கு வேண்டாம். கை நீட்டுங்க."

அவர் கை நீட்டினார். வாங்காமல் இருப்பதும் வெட்கம், வாங்குவதும் வெட்கம். நோட்டுகள் அவள் பைச் சூட்டோடு இருந்தன.

பண்டேலே வந்து அவர் உள்ளங்கையிலிருந்தே எடுத்து எண்ணி, தன் பாதியைப் பிரித்துக்கொண்டான். "சரியா இருக்கு தாயே. புது வியாபாரம் ஏதாவது?"

"கரண்டி. மரக்கரண்டி. அதைக் கவுத்துப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

பண்டேலே சத்தமாகச் சிரித்துவிட்டான். சம்ஃபிராவும் லேசாகச் சிரித்தாள். நிஸ்தோர் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றார்.

"வேற ஏதும் நான் தரணுமா?" என்று அவரைக் கேட்டாள்.

"இல்லம்மா. தீர்ந்துது."

அவள் தலையாட்டிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நிஸ்தோர் தன் பங்கை எண்ணிப் பார்க்காமல் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.