வளைவுக்குள் போன கருப்பட்டி

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே, சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கிறது சந்தியாகப்பர் கோயில். காவி கட்டி நடந்து வந்த சீமைப் பாதிரியார் ஒருவர் முதலில் அங்கே கூரைக் கொட்டகைதான் போட்டார். குதிரைப்படைகள் போன காலத்தில் அது எரிந்தது. பின்னால் வந்தவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார்கள். முன்மண்டபத்துக் கல்தூண்களை உள்ளூர்ச் சிற்பிகளே செதுக்கினார்கள். அடியில் தாமரை, தலையில் வாழைப்பூ. உள்ளே பீடத்துக்கு முன்னால் ஒரு பெரிய வளைவு. அதற்கு அப்பால் வெள்ளைக் குதிரைமேல் சந்தியாகப்பர். குதிரை இருந்ததாலோ என்னவோ, சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் அவரைத் தங்கள் சாமிகளோடு சேர்த்துக்கொண்டார்கள்.

பிள்ளை வரம் கேட்கிறவர்கள் அந்த வளைவுக்குத்தான் நேர்ந்துகொள்வார்கள். பிள்ளை பிறந்தபின் வரும் முதல் ஆடித் திருவிழாவில், கருப்பட்டி கரைத்த தண்ணீரைச் சுண்ணாம்பில் ஊற்றி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே உலக்கையால் இடிக்க வேண்டும். அந்தச் சாந்தைக் கொத்தர் வளைவின்மேல் பூசுவார். பூசிப் பூசி வளைவு சாண் கனத்துக்குத் தடித்துவிட்டது. பாரம் தாங்காமல் உச்சியில் விரிசலும் விட்டது.

பங்குச் சாமியார் கூப்பிட்டதன் பேரில் ஜில்லா போர்டு ஓவர்சியர் சென்னியப்பன் வந்து, ஏணி வைத்து ஏறிப் பார்த்தான். பழைய பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும், விரிசலில் சிமெண்டு அடைக்க வேண்டும், இனி யாரும் எதையும் பூசக்கூடாது என்று சொல்லிவிட்டான்.

மணியடித்து, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அந்தோணி அதையே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். "எங்க சந்தியாகப்பருக்கு ஒடம்பு பெருத்துப்போச்சாமா. ஓவர்சியரு பத்தியம் எழுதிக் குடுத்துட்டாருங்க."

காதில் விழுந்தும் சென்னியப்பன் சிரிக்கவில்லை. மனைவி சௌந்திரம் பிரசவத்தில் போனதிலிருந்து அவன் சிரித்ததும் இல்லை, அழுததும் இல்லை. பெண் குழந்தை மாமியார் வள்ளியாத்தாள் வீட்டில் வளர்ந்தது. எப்போதாவது போவான். வாசலில் நின்று பார்ப்பான். தூக்கமாட்டான்.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலை, பூச்சு உதிர்ந்து கிடந்த கோயிலுக்குள் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தவன் முன்னால் வள்ளியாத்தாள் குழந்தையோடு வந்து நின்றாள். முந்தானையில் கருப்பட்டி முடிந்திருந்தது.

"ஏனுங் மாப்பிள்ளை, சௌந்திரம் இங்க நேந்திருந்தாளுங்க. நீங்க படிச்சவங்க, சிரிப்பீங்கன்னு உங்ககிட்டச் சொல்லலையாமா."

சிரித்துத்தான் இருப்பான். அவனுக்கே அது தெரிந்தது.

இன்னும் ஒரு கை சாந்து ஏறினாலும் வளைவு சனங்கள் தலையில் இறங்கும் என்று விளக்கினான். அவள் வாதாடவில்லை. முந்தானை முடிச்சைப் பார்த்தபடி சொன்னாள்:

"சரீங்க. அப்ப இதை ஊட்டுக்குக் கொண்டுபோயி என்னுங்க பண்றது? காப்பியில போட்டுக் குடிச்சரவா?"

அவன் மறுபடி ஏணியில் ஏறினான்.

கொத்திய இடத்தில் பூச்சுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. வெள்ளை, பழுப்பு, மறுபடி வெள்ளை. ஒவ்வொன்றிலும் யார் யாருடைய பிள்ளைகளோ. விரிசலுக்குள் விரலை விட்டான். பழைய செங்கல், பழைய சுண்ணாம்பு. இரண்டும் மெத்தென்று இருந்தன. அவற்றோடு சிமெண்டு சேராது. இரண்டு கோடை போனால் தனியே விட்டுக்கொள்ளும். காலேஜில் படித்ததுதான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சிமெண்டு சொல்லியிருந்தான். இப்போது சௌந்திரத்துக்காகத் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறானோ என்று ஏணியிலேயே நின்று யோசித்தான். எப்படிப் பார்த்தாலும் அந்த விரிசல் சுண்ணாம்பைத்தான் கேட்டது.

இறங்கி வந்து சாமியாரிடம் சொன்னான். மேலே பூச்சு கூடாது, அதில் மாற்றமில்லை. உள்ளே அடைப்பதற்குச் சாந்து வேண்டும். நேர்ந்தவர்கள் இடித்துக் கொடுக்கலாம். சாமியார் தலையசைத்தார். அந்தோணி மறுபேச்சில்லாமல் உலக்கையை எடுத்துவந்தார்.

சென்னியப்பன் அதை மாமியாரிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"பெத்தவ இல்லீன்னா பெத்தவன்தான் இடிக்கோணுமுங்க."

குழந்தையை அவன் இடுப்பில் வைத்து, இடக்கையை எடுத்து அதன் முதுகில் அணைத்துவிட்டாள். குழந்தை அழவில்லை. சுண்ணாம்பில் கரைத்து ஊற்றியதுபோக மிஞ்சிய கருப்பட்டித் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தது. பாரங்களைக் கணக்குப் போட்டே பிழைப்பவன், இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைத்திருக்கவில்லை.

சாந்து தெறிக்காமலிருக்க அதன் முகத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு இடித்தான். முதலில் உலக்கை கோணலாக விழுந்தது. பிறகு சரியாக விழுந்தது. சட்டைத் தோள் பிசுபிசுவென்று நனைந்தது. போதும் என்று கொத்தர் சொன்ன பிறகும் இடித்தான்.

கொத்தர் சாந்துச் சட்டியோடு ஏணியில் ஏறினார். வள்ளியாத்தாள் கையை நீட்டினாள்.

"குடுங்க மாப்பிள்ளை. கை வலிக்குமுங்க."

"இருக்கட்டுங்க அத்தை" என்றான். குழந்தையைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்து, விரிசல் அடைபடுவதைக் காட்டினான். "அங்க பாரு சாமி. உங்கம்மாளுது."