பச்சைத் தாவணி

என் பதிப்பகத்தின் பெயர் குடைக்கடை. தென்காசியில் நான் வாடகைக்குப் பிடித்த மாடி அறையில் முன்பு குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் போர்டைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. பதினாறு பக்கம், இருபது பக்கத்தில் சின்னச் சின்னக் கவிதைப் புத்தகங்கள் போடுகிறேன். சீசன் தொடங்கி மலையை மேகம் மூடிவிட்டால், கவிஞர் வருகிறாரோ இல்லையோ, கம்பி ஒடிந்த குடையோடு பத்துப் பேராவது படியேறி வருவார்கள். எல்லோரையும் திட்டித்தான் அனுப்புவேன். இந்தச் சுஜிதாவுக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும்.

எங்கள் புத்தகங்களில் கடைசித் தாள் வெறும் தாள். நூல் கோக்காத தையல் மெஷினில் அதன் ஓரத்தை ஒரு ஓட்டு ஓட்டினால் வரிசையாகத் துளை விழும், கிழிக்க வசதி. வாசித்தவர்கள் தோன்றியதை அதில் எழுதி எனக்குத் தபாலில் அனுப்பலாம். ஒருமுறை யாரோ மளிகைச் சாமான் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

போன வைகாசியில் ஒலி முகம்மது அண்ணாச்சி வந்தார். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏலம் விடுகிறவர். அவர் கத்தினால் ரோட்டில் போகிற பஸ்ஸில் தூங்குகிறவன் எழுந்துகொள்வான். அந்த மனிதர் ஒரு பழைய டைரியை நீட்டினார். பதினான்கு கவிதைகள், பதினான்கும் மனைவி ஹைருன் பீவிக்கு.

நான்கு வருடம் முன்பு, ஓணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஹைருன் பீவியின் உம்மா மவுத்தாகிவிட்டார். சந்தையில் காய் ஏற்றக் கேரளத்து லாரிகள் வரிசையில் நின்றன. இவர் ஏலத்தை முடித்துவிட்டு, அடக்கம் எல்லாம் ஆன பிறகு போய் நின்றார். ஹைருன் பீவி ஒரு வார்த்தை திட்டவில்லை. இலஞ்சியில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனவர்தான். ஐந்தருவிப் பக்கம் தம்பியின் துண்டுக் கடையில் உட்காருகிறார். அண்ணாச்சி போய் நின்றால் வாடிக்கையாளருக்குக் கொடுப்பதுபோல ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு அருவியைப் பார்ப்பாராம். அண்ணாச்சி வீட்டில் பீரோ நிறையத் துண்டு.

"ஏலத்துல இம்புட்டுக் கத்துதேன். அவ முன்னால போனா ஒரு சொல்லு வர மாட்டேங்குது. இதுல என் பேரைப் போட்டுராதம்மா, தொட மாட்டா" என்றார்.

ஆறாம் பக்கத்துக் கவிதைதான் எனக்கு உயிர். ஹைருன் பீவியை அண்ணாச்சி முதலில் பார்த்த நாளைப் பற்றியது.

பாலத்தில் நின்றவளின் மஞ்சள் தாவணி
அருவியைத் தொடாமலே நனைந்தது.

அந்த மஞ்சளுக்காகவே மஞ்சளில் அட்டை அடித்து வைத்திருந்தேன். ப்ரூஃப் பார்க்க வந்த அண்ணாச்சி மஞ்சளை அடித்துவிட்டுப் பச்சை என்று எழுதினார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. அட்டையைக் காட்டினேன், கெஞ்சினேன், கத்தினேன். பச்சையே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார். கவிஞர்களோடு மாரடிக்கிற பிழைப்பு இதுதான்.

ஆடிச் சாரலில் ஒரு பிரதியைப் பாலிதீன் கவரில் போட்டு ஐந்தருவிக்குக் கொண்டுபோனேன். ஹைருன் பீவி வாங்கி, சோப்புப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். எதிரில் டீ குடிக்கிற சாக்கில் நின்றேன். மேகம் இறங்கிக் கடையை மூடியது. அருவிச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. விலகியபோது அவர் கையில் புத்தகம் இருந்தது. ஈரம் சொட்ட ஒருத்தர் துண்டு கேட்டுக்கொண்டே நின்றார், ஹைருன் பீவி காதில் விழவில்லை. மறுபடி மூடியது. அடுத்து விலகியபோது அவர் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார், புத்தகத்தைக் காணோம். நான் பார்த்தது நிஜம்தானா என்று பஸ் ஏறும்வரை எனக்கே சந்தேகம்.

அதன்பின் ஞாயிறுதோறும் அண்ணாச்சி ஒரு ஒடிந்த குடையோடு படியேறி வந்தார். தாள் வந்ததா என்று கேட்க வெட்கம், அதற்குத்தான் குடை. அவரையும் திட்டினேன். அவர் போனபிறகு நானே தபால்காரரைத் தேடித் தெருமுனைவரை போய்வந்தேன்.

ஆவணியில், ஓணத்துக்கு முந்தின நாள் காலையில் கவர் வந்தது. துளை ஓரம் பிசிறில்லாமல் கிழித்த தாள்.

"ஆறாம் பக்கத்தில் தப்பு இருக்கிறது. அன்று நான் போட்டிருந்தது பச்சைத் தாவணி இல்லை, மஞ்சள். என் உம்மா எடுத்துக் கொடுத்தது. எழுதினவருக்கு ஞாபகம் இல்லையென்றால் நேரில் வந்து கேட்கச் சொல்லுங்கள்."

அப்படியே பாவூர்சத்திரம் பஸ்ஸில் ஏறினேன். சந்தையில் நிற்க இடமில்லை. அண்ணாச்சி பூசணிக் குவியல் பக்கத்தில் பெஞ்சு மேல் நின்று கூவிக்கொண்டிருந்தார். இடித்துத் தள்ளிக்கொண்டு போய்த் தாளை நீட்டினேன். வாசித்தார். அந்தக் குரல் நின்றதும் மூட்டை தூக்குகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் அப்பமே சொன்னம்லா அண்ணாச்சி, மஞ்சள்தான்னு. கேட்டியளா?" என்றேன்.

தாளை நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கண் நிறைந்திருந்தது.

"எனக்குத் தெரியாதாம்மா? தப்பைப் பாத்தா அவளால சும்மா இருக்க முடியாது."

பெஞ்சிலிருந்து இறங்கினார். ரோட்டில் கேரளத்து லாரிகள் வரிசையாக நின்று ஹார்ன் அடித்தன. யாரோ பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி ஏலத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஐந்தருவிக்குப் போகத் தென்காசி பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.