அமாவாசைக்கு மலையேறும் துரை

பழைய சீவரத்து மலையைப் பார்க்காதவர்கள்தான் இமயமலையைப் பெரிதாகப் பேசுவார்கள். உயரத்தில் இது கொஞ்சம் குறைச்சல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இமயத்தின் உச்சியில் நின்றால் என்ன தெரியும்? பனி. இங்கே நின்றால் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் தெரியும். மூன்றிலும் மணல் கரைபுரண்டு ஓடும். கோயிலுக்குப் பின்னால் ஏறிவிட்டால் மரம் கிடையாது. பாறை, முழங்கால் உயரப் புல், முட்புதர், அப்புறம் காற்று. காற்றென்றால் சாதாரணக் காற்றில்லை. ஒரு நாள் என் தோளிலிருந்த துண்டைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் செங்கல்பட்டு சிக்னல் மரத்தில் மாட்டிவிட்டது.

இதைச் சொன்னபோது நம்பியது ஒரே ஒருவர். துரை. செவலை நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்து நிற்கும். எந்த வேலையும் செய்யாமல் வேளாவேளைக்குச் சாப்பிடுவதால் நாய்க்கு அந்தப் பெயர்.

துரை என் நாய் அல்ல. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பக்கத்து வீடு, நெசவாளி தணிகாசலத்தின் நாய். நான் ரயில்வேயில் கார்டாக இருந்து 1966-இல் ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு அந்தத் தெருவில் வீடு பிடித்ததே சத்தத்துக்காகத்தான். விடிந்தால் வீட்டுக்கு வீடு தறி தட்டும் ஓசை. ரயில் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவனுக்கு அது தாலாட்டு மாதிரி.

ஆனால் அமாவாசை என்று ஒன்று வந்து தொலைக்கிறதே! அன்றைக்கு யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். தெரு அடங்கிப்போகும். நான் டம்ளரைக் கீழே வைக்கிற ஓசை எனக்கே கேட்கும். கூடவே, இன்னொரு டம்ளர் வைக்கப்படாததும் கேட்கும். அந்த ஒரு நாள் வீட்டுக்குள் இருக்க என்னால் ஆகாது.

துரைக்கோ அமாவாசைதான் விடுதலை. மற்ற நாட்களில் காலையில் பட்டு நூலைப் பாவாக்கித் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். ஒரு தரம் பெருச்சாளியைத் துரத்திக்கொண்டு துரை அதற்குள் புகுந்து, மாப்பிள்ளைக் கோலத்தில், உடம்பெல்லாம் பட்டோடு மறுபக்கம் வந்தார். அந்தச் சிக்கை எடுப்பதற்குள் தெருவில் இரண்டு குழந்தைகள் பிறந்து நடக்கத் தொடங்கிவிட்டன. அன்றிலிருந்து பாவு எடுக்கும்வரை அவரைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். அமாவாசையில் பாவும் இல்லை, கட்டும் இல்லை.

ஆக, அமாவாசை தவறாமல் இருவரும் ரயிலேறுவோம். எனக்கு ஒரு டிக்கெட், கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டில் போக அவருக்கு ஒரு டிக்கெட். பழைய சீவரத்தில் இறங்கி மலை ஏறுவோம். உச்சிப் பாறையில் உட்கார்ந்து நான் பேசுவேன். சிறுத்தையை நான் பச்சைக் கொடி காட்டி விரட்டிய கதை, ஒரு கூட்ஸ் வண்டியை ஒற்றைக் கையால் பின்னுக்கு இழுத்த கதை. நிமிர்ந்த காதோடு துரை கடைசிவரை கேட்பார். ஒரு தடவைகூட, “சும்மா அளக்காதீங்க” என்றதில்லை.

மலையடிவாரத்தில் கோதண்டபாணி என்பவருக்கு வேர்க்கடலை நிலம் உண்டு. போகிற வழியில் துரை அங்கிருந்த குரங்குகளை விரட்டியதை அவர் பார்த்துவைத்திருந்தார். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க எங்கள் தெருவுக்கு வந்தவர், புடவையோடு நாயையும் கேட்டுவிட்டுப் போனார்.

“குடுத்துடலாம்னு இருக்கறேன் சார்” என்றார் தணிகாசலம். “இங்க கட்டுலயே கெடக்குது. அங்கன்னா நாள் பூரா ஓடிக்கினு இருக்கும்.”

உள்ளிருந்து அவர் மனைவி லோகாம்பாள் குரல் கொடுத்தாள். “கார்டு சாரு வாணான்னு சொல்லுங்க, நிறுத்திடலாம். அந்த நாய்கிட்ட பேசறதுல பாதி மனுஷங்ககிட்ட பேசறீங்களா நீங்க?”

“எனக்கென்னமா? ரயில்வேயில ஆயிரம் சிநேகிதம். பேசி மாளல.”

“ஆமாமா. ஒருத்தராவது இந்த வாசப்படி ஏறி நாங்க கண்டதில்ல.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஒரு நாய்க்காக அழுகிற கிழவன் என்று ஆகிவிடும். “தாராளமா குடுப்பா. அமாவாசைக்கு அமாவாசை நான் போறவன்தான? அங்கயே அவரக் கூட்டிக்கினு மலை ஏறிடறேன்” என்றேன்.

“அதான! அமாவாசன்னா அதுக்கும் லீவுதான?” என்றார் தணிகாசலம்.

நெசவுத் தெருவில் இருப்பவர்களுக்கு, அமாவாசையன்று உலகத்தில் எவனாவது வேலை செய்வான் என்று தோன்றாது. எத்தனையோ அமாவாசைக்கு ரயிலோடு ஓடிய எனக்கே தோன்றவில்லையே!

துரையைக் கோதண்டபாணி அழைத்துப்போன பிறகு வந்த அமாவாசைக்குக் கிளம்பினேன். லோகாம்பாள் வழக்கம்போல இருவருக்குமாகப் புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். ஒரே ஒரு டிக்கெட்டோடு போனேன்.

நிலத்தருகே போனதுமே துரை பாய்ந்து வந்தார். முன்னங்கால்களை என் இடுப்பில் வைத்து, முகத்தை நக்கி, வேட்டியைச் சேறாக்கினார். அதற்குள் வரப்பில் ஒரு சலசலப்பு. விட்டுவிட்டு ஓடினார்.

“வாங்க கார்டு சார்!” என்றார் கோதண்டபாணி. “மோர் குடிக்கிறீங்களா?”

“அதெல்லாம் வாணாம்பா. துரையக் கூட்டிக்கினு மலைக்குப் போய்ட்டு வந்துடறேன்.”

“இன்னிக்கா?”

“அமாவாசையாச்சே. லீவுதான?”

கோதண்டபாணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். “கொரங்குக்கு யாரு சார் சொன்னது அமாவாசன்னு? காய் முத்துற நேரம். நாயி கொஞ்ச நேரம் இல்லன்னாலும் செடியோட புடுங்கிக்கினு பூடும்.”

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். “ஒனக்குத் தெரியாது. அது கோழி திங்கற நாயி. பிள்ளையார்பாளையத்துல இன்னிக்கு மருந்துக்குக்கூட ஒரு கோழி கெடையாது.”

“அப்டியா? எங்கூட்டுக் கோழி அது முதுகு மேல ஏறி நின்னுக்கினு கூவுதே!”

கடைசியில், என்றைக்கும் இல்லாத வழக்கமாக, உள்ளதைச் சொன்னேன். “தனியா ஏற முடியலப்பா.”

“நீங்களா?” அவருக்குச் சிரித்து இருமலே வந்துவிட்டது. “ஒரே நாள்ல ஏழு தபா ஏறி எறங்கினேன்னு என்கிட்டயே சொன்னீங்களே சார்! போங்க, போங்க. வர்ற வழியில மோர் குடிச்சிட்டுப் போங்க.”

தனியாகத்தான் ஏறினேன். மலை அதற்குள் வளர்ந்திருந்தது. இமயத்தோடு இனி ஒப்பிட வேண்டியதில்லை. உச்சிப் பாறையில் உட்கார்ந்து கீழே பார்த்தால், பச்சை நிலத்தின் நடுவே ஒரு செவலைப் புள்ளி இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது. குரைப்பு அரைகுறையாகக் கேட்டது.

பொட்டலத்தைப் பிரித்தேன். புளிச்சோற்று வாசனைக்கு ஒரு குரங்கு வந்தது. ஒரு பிடி வைத்தேன். இன்னொன்று வந்தது. அப்போதுதான் மூளை வேலை செய்தது: குரங்கெல்லாம் மேலே வந்துவிட்டால் கீழே துரைக்கு என்ன வேலை?

இரண்டு பேர் சோற்றையும் பாறை நெடுகப் பரப்பினேன். வந்தன பாருங்கள்! செங்கல்பட்டு ஜில்லாவில் ஒரு குரங்கு பாக்கியில்லை. விஜயவாடாவிலிருந்துகூட இரண்டு வந்திருந்தன. கீழே குரைப்பு நின்றது. செவலைப் புள்ளி நின்று, மூக்கைத் தூக்கிப் பார்த்து, மலைப் பக்கம் திரும்பியது. ஏறத் தொடங்கியது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். என்ன சொல்வது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். புல்லுக்கு மேலே அந்த ஒற்றைக் காது தெரிந்தது. “துரை!” என்றேன்.

நிற்காத ஸ்டேஷனை மெயில் வண்டி கடக்கிற மாதிரி என்னைக் கடந்தார். வால் மட்டும் முழங்காலில் பட்டது. கூட்டம் அலறிச் சிதறி நேரே கீழே, கடலை நிலத்தைப் பார்த்து இறங்கியது. பின்னாலேயே அவரும். கொஞ்ச நேரத்தில் கீழே மறுபடியும் குரைப்பு கேட்டது. மும்முரமான, சந்தோஷமான குரைப்பு.

ஒரே ஒரு கிழட்டுக் குரங்கு மட்டும் ஓட முடியாமல் பின்தங்கியிருந்தது. பாறையில் ஒட்டியிருந்த பருக்கைகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. நான் அதன் எதிரே உட்கார்ந்து சிறுத்தைக் கதையை ஆரம்பித்தேன். பச்சைக் கொடியை எடுத்த இடம் வரைக்கும் கேட்டது. பருக்கை தீர்ந்ததும் எழுந்து போய்விட்டது.