அறுபது கொடி கிக்வி

ஈஸ்டர் முடிந்ததும் மக்வாலாவின் அறுபது கிக்வி திராட்சைக் கொடிகளையும் பிடுங்கிவிடுவதென்று மூத்தார் ஜும்பெர் முடிவு கட்டியிருந்தார். காக்கேத்தி வட்டாரம் முழுக்கத் தேடினாலும் கிக்வி வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காய்ப்பு கம்மி, நோஞ்சான் கொடி, அதைக் கட்டிக்கொண்டு ஏன் மாரடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

"அந்த இடத்துல ஊரே போடுற திராட்சையைப் போட்டா மூணு பங்கு காய்க்கும். நீ என்னடான்னா அதுக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டிருக்க."

மக்வாலா வாயடிப்பவள் அல்ல. ஆனால் பிடிவாதம் மலைப் பிடிவாதம். போன இலையுதிர் காலத்தில் ஒயினுக்காகத் தன் குலைகளைத் தானே மிதித்து, தோல், விதை, காம்பு எதையும் எடுக்காமல் பாதாள அறை மூலையிலிருந்த சின்னத் தாழியில் ஊற்றினாள். மண்ணுக்குள் கழுத்துவரை புதைந்த தாழி. பொங்கி மேலே வந்த தோலை நாளைக்கு நாலு தடவை கழி வைத்து உள்ளே அமுக்கினாள். பொங்கல் அடங்கியதும் கல்மூடி போட்டுக் களிமண் பூசினாள். அப்புறம் ஆறு மாதம் அதன் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

ஜும்பெர் அப்படியா? தவக்காலத்தில் தலைநகர் திபிலீசியிலிருந்து யாரோ பெரிய மனிதர் வந்தார் என்று தன் பெரிய தாழியின் மண்ணை உடைத்து, மூடியைத் தூக்கி, ஒரு கோப்பை மொண்டு கொடுத்துப் பெருமையடித்துவிட்டு மறுபடி மூடிவைத்தார். திறந்த தாழியைக் காலி செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் பட்டுக் கெட்டுவிடும், பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வீறாப்பு கண்ணை மறைத்துவிட்டது.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, ஊரே கல்லறைக்குப் போய் இறந்தவர்களுக்கு ஒயின் ஊற்றும் நாள். காலையில் ஜும்பெர் தன் தாழியின் மூடியைத் திறந்தார். குப்பென்று காடி வாடை.

கூஜாவோடு மக்வாலாவிடம் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"கொஞ்சம் உன்னுதுல ரொப்பிக் கொடும்மா. கடையில வாங்கின ஒயினை அப்பாவுக்கு ஊத்தினா ஊர் காறித் துப்பும். இது யாரோடதுன்னு யாரு கேக்கப் போறா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "ரொப்பித் தரேன் அத்தான். ஊத்தும்போது உங்க அப்பாகிட்ட நீங்களே சொல்லிக்குங்க."

கல்லறையில் சிவப்பு முட்டைகளை உருட்டி, ரொட்டியைப் பிட்டுவைத்தபின், பந்தித் தலைவர் ஷாக்ரோ ஒவ்வொரு வீட்டார் கூஜாவையும் ருசி பார்த்துக்கொண்டு வந்தார். ஜும்பெரின் கூஜாவிலிருந்து கோப்பையில் விழுந்தது மலைத்தேன் நிறம். ஒரு வாய் குடித்தார். வாயில் வைத்து அசைபோட்டார். கோப்பையை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு மறுபடி நீட்டினார்.

"அடேய் ஜும்பெர்! காஞ்ச பாதாமிப் பழ வாசம், நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு... இத்தனை வருஷமா இதை எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த? ஊத்துடா அப்பனுக்கு!"

செய்தவர் தன் பெயர் சொல்லித்தான் இறந்தவருக்கு ஊற்ற வேண்டும், அது முறை. ஜும்பெர் கூஜாவைத் தூக்கினார். "அப்பா, இது என்..." என்று ஆரம்பித்தார். ஊரை ஏய்க்கலாம், குழிக்குள் கிடக்கும் தகப்பனை ஏய்க்க முடியுமா? காது மடலெல்லாம் சிவக்க, திரும்பி, கூஜாவை மக்வாலாவிடம் நீட்டினார்.

"அவ செஞ்சது. அவளே சொல்லட்டும்."

"பொம்பளை செஞ்சதா?" என்றது ஒரு குரல்.

"வாயை மூடு. நீ இன்னும் இதைக் குடிக்கலை," என்றார் ஷாக்ரோ.

மக்வாலா கூஜாவை வாங்கிக்கொண்டாள். ஒரு சொட்டு சிந்தாமல் நேராக மண்ணில் ஊற்றினாள்.

"மாமா, நான் மக்வாலா, உங்க சின்ன மருமக. இது என் கையால செஞ்சது. கிக்வி. இன்னைக்குக் கொடி அறுபது. அடுத்த வருஷம் நூறு ஆகும். நடுற குழியெல்லாம் உங்க மூத்த மகன் வெட்டித் தருவாரு."

எல்லாரும் ஜும்பெரைப் பார்த்தார்கள். அவர் தகப்பனின் கல்லைப் பார்த்தபடி, "வெட்டுறேன்ப்பா," என்றார்.