மினிட் புத்தகத்தில் ஏறிய கடிதம்

லண்டனில் அந்தத் தாவரச் சங்கத்தின் ஆட்சிக்குழு மாதம் ஒருமுறை கூடும். பதினொரு பேர். அதில் ஒருவர்கூட வாழ்நாளில் ஒரு முள்செடியைக்கூடத் தன் கையால் பிடுங்கியதில்லை. பிடுங்கியவர்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது. ஏமஸ் காட்பிக்கு நாற்காலி உண்டு, வாய்தான் கிடையாது. அவன் சங்கத்தின் சம்பள எழுத்தர். நடப்பதை மினிட் புத்தகத்தில் எழுதலாம், அடுத்த கூட்டம் தொடங்கும்போது அதை உரக்கப் படிக்கலாம். மற்றபடி மூச்சு விடக் கூடாது.

மார்ச் மாதக் கூட்டத்தில் அவன் ஜோசையா டென்பியின் கடிதத்தை மேசையில் வைத்தான். டென்பி, செடி சேகரிக்கச் சங்கம் அனுப்பிய ஆள். இரண்டு வருடமாக மேற்கு ஆப்பிரிக்காவில், காலபார் ஆற்றங்கரைக் காட்டில் கிடந்தான். அதற்கு முன் இரண்டு குளிர்காலம் சங்கத்தின் நிலவறையில் காட்பியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டியவன். முத்து முத்தாக எழுதுகிற அவன் கையெழுத்து இப்போது கோணல்மாணலாக இருந்தது. காய்ச்சல் விடவில்லை, கொயினா தீர்ந்துவிட்டது, மருந்துக்கும் ஊர் திரும்பும் கப்பலுக்கும் அறுபது பவுண்டு வேண்டும், துறைமுகத்து வியாபாரக் கம்பெனிக்கு ஒரு தந்தி அடித்தால் அன்றைக்கே கொடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தான்.

"பாவம்தான்," என்றார் தலைவர் சர் லூஷியஸ். "ஆனா பதினேழாம் விதின்னு ஒண்ணு இருக்கே. போன வருஷத்து அறிக்கைக்கு மதிப்புரை வராம புதுசா ஒரு பென்னிகூட ஒதுக்க முடியாது."

அறிக்கை போன அக்டோபரிலேயே வந்துவிட்டது. மதிப்புரை எழுத வேண்டியவர் அதே குழுவில் இருந்த டாக்டர் பிளாக்ஸம். அவர் இரண்டு வெவ்வேறு இனம் என்று பெயர் வைத்த செடிகள் ஒரே இனம்தான் என்று டென்பி அதில் எழுதித் தொலைத்திருந்தான்.

"அந்த அறிக்கை என் மேசை டிராயர்லதான் இருக்கு," என்றார் பிளாக்ஸம், மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டே. "ஒரு தோட்டக்காரன் மகன் எனக்குப் பாடம் நடத்துறான். அவசரப்பட முடியுமா? ஜூன்ல பாக்கலாம்."

"ஜூன் வரைக்கும் ஆள் இருக்கணுமேய்யா!" என்றார் இன்னொரு உறுப்பினர், கர்னல் ட்விஸ்டன்.

"இன்னிக்கு இவனுக்கு விதியத் தளர்த்தினா, நாளைக்கு ஆளாளுக்குக் கையேந்திட்டு வருவான்," என்றார் தலைவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்தது ஆண்டு விருந்து. ஆமை சூப்பா, மாட்டுவால் சூப்பா என்று நாற்பது நிமிடம் விவாதித்தார்கள். அதற்கு எந்த விதியும் குறுக்கே வரவில்லை.

காட்பியால் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டான். "ஐயா, ஒரே ஒரு வார்த்தை..."

"உக்காரு காட்பி. எழுதறதுதான் உன் வேலை."

எழுதினான். வழக்கமாகத் தீர்மானங்களை மட்டும் ஐந்து வரியில் எழுதுவான். அன்று எல்லாவற்றையும் எழுதினான். டென்பியின் கடிதம் முழுதும், டிராயர், தோட்டக்காரன் மகன், ஆமை, மாட்டுவால், ஒன்று விடவில்லை. நான்கு பக்கம் வந்தது.

மார்ச் இருபத்திரண்டில் டென்பி செத்துப்போனான். தந்தி வந்தது. அனுப்பத்தான் முடியாமல் போயிற்று, வருவதற்கு ஒரு தடையும் இல்லை.

ஏப்ரல் கூட்டத்துக்குப் பதினொரு பேரும் கையில் கறுப்புப் பட்டையோடு வந்தார்கள். "முதல்ல அஞ்சலி," என்றார் தலைவர்.

"முதல்ல மினிட்டுங்க ஐயா," என்றான் காட்பி. "அத உறுதி பண்ணாம வேற எதையும் எடுக்கக் கூடாது. நாலாம் விதி."

விதி என்று சொன்ன பிறகு அந்த மனிதர்களால் என்ன செய்ய முடியும்? உட்கார்ந்தார்கள். காட்பி நான்கு பக்கத்தையும் நிறுத்தி நிதானமாகப் படித்தான். பிளாக்ஸமின் முகம் வேகவைத்த நண்டாகச் சிவந்தது.

"அடிச்சுடு அத்தனையும்!" என்று கத்தினார்.

"தப்பு இருந்தாதான் அடிக்கலாம்," என்றார் கர்னல். "எது தப்புன்னு சொல்லும், டாக்டர்."

யாராலும் ஒரு வரியைக்கூடக் காட்ட முடியவில்லை. கையெழுத்துப் போடாவிட்டால் கூட்டம் நகராது, விருந்துத் தேதியும் முடிவாகாது. சர் லூஷியஸ் பேனாவை மையில் தொட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, முழுப் பெயரையும் போட்டார்.

அடுத்த தீர்மானம், டென்பிக்குச் சலவைக்கல்லில் நினைவுப் பலகை. இருநூறு பவுண்டு. ஊற்றி வைத்த தேநீர் ஆறுவதற்குள் ஏகமனதாக நிறைவேறியது.

"இதுக்கு மதிப்புரை வேணாமா?" என்று கேட்டார் கர்னல்.

"நினைவுப் பலகைக்கு அப்படி விதி இல்லையே," என்றார் தலைவர். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை. காட்பிக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டுகிறவனைத் திருப்பித் திட்டலாம். உறைக்காதவனை என்ன செய்வது?

டென்பியின் மனைவி கெசையா லண்டனின் டெப்ட்ஃபர்ட் பகுதியில் ஊர்த் துணி துவைத்துப் பிழைப்பவள். திறப்பு விழாவுக்கு அவளைக் கண்ணியமாக அழைத்துக் கடிதம் எழுதும்படி காட்பிக்கு உத்தரவு. கண்ணியமாகவே எழுதினான். கூடவே அந்த நான்கு பக்கத்தையும் படியெடுத்து, தலைவரின் கையெழுத்து உட்பட, உறையில் போட்டு ஒட்டினான். வேலை போய்விடும் என்று தெரியும். போகட்டும்.

ஜூனில் விழா. தொப்பி வைத்த சீமாட்டிகள், பத்திரிகைக்காரர்கள், முன்வரிசையில் கஞ்சி மொடமொடக்கும் கறுப்பு உடையில் கெசையா. "சங்கம் தன் பிள்ளையைப் போலக் காத்த டென்பி..." என்று சர் லூஷியஸ் தழுதழுக்கும்போது அவள் எழுந்தாள்.

"கொஞ்சம் நிறுத்துங்கய்யா."

பையிலிருந்து தாள்களை எடுத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். முதலில் புருஷனின் கடிதம். பிறகு டிராயர். ஆமை சூப்பு வந்தபோது பத்திரிகைக்காரர்களின் பென்சில்கள் பறந்தன. பிளாக்ஸம் கதவைப் பார்த்து நகர்ந்தார்.

"அம்மா, அம்மா," என்று கையை நீட்டினார் தலைவர். "துக்கத்துல இருக்கீங்க. இதெல்லாம் யாரோ கட்டிவிட்ட கதை."

"கதையா?" அவள் கடைசித் தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். சோடா உப்பில் வெடித்த விரலால் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினாள். "அடியில உங்க பேருதானே இருக்கு? நான் கையெழுத்துப் போடலேன்னு இத்தன பேர் முன்னால சொல்லுங்க. உக்காந்துடறேன்."