கொடுப்பவர் கையெழுத்து

மருத்துவக் கல்லூரி வண்டியின் பின்கதவை மாமா மூன்றாவது தடவையாகச் சாத்தினார். அவள் மூன்றாவது தடவையாகத் திறந்தாள்.

"கைய எடு."

"நீங்க எடுங்க மாமா."

வண்டிக்குள் இன்னும் யாரும் இல்லை. அம்மா வீட்டுக்குள் கட்டிலில், கழுத்துவரை போர்த்திய போர்வையோடு கிடந்தாள். காலை ஆறு மணிக்குப் போன உயிர். இப்போது மணி பதினொன்று. நான்கு மணிக்குள் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேராவிட்டால் உடலை வாங்க மாட்டார்கள். அதை அம்மாவே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். முப்பத்தொரு வருடமாக அந்தக் கல்லூரியின் உடற்கூறு கூடத்தில் வேலை பார்த்தவள். உடல்களைக் கழுவி, மருந்தேற்றி, மேசையில் கிடத்தி, மாணவர்கள் போன பிறகு மூடி வைப்பாள்.

தன் உடலும் அங்கேதான் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆசை என்றா சொல்வது? உத்தரவு.

எல்லாம் ஒரு இதயத்தால் வந்தது. கல்லூரியில் பாடத்துக்கு வைத்திருந்த அந்தப் பழைய இதயத்தைப் பற்றி அம்மா புலம்பாத நாளில்லை. "வால்வை இழுத்துப் பிடிக்க உள்ள நரம்பு நரம்பா நூல் இருக்கும்டி. தையல் நூலைவிட மெல்லிசு. அதைப் பசங்க பேனா மூடியால குத்திக் குத்தி ஒண்ணு விடாம அறுத்து வெச்சிருக்கானுங்க. கிழிஞ்ச குடையாட்டம் தொங்குது. அதைப் பாத்துப் படிக்கிறவன் நாளைக்கு யாரைக் காப்பாத்துவான்?" கொஞ்ச நேரம் கழித்து, சாதத்தைப் பிசைந்துகொண்டே சொல்வாள்: "என்னோடத வெச்சுக்கட்டும். சிகரெட் இல்ல, குடி இல்ல, பத்து வருஷமாப் புருஷனும் இல்ல. புதுசாட்டம் இருக்கும்."

இருக்கவில்லை. இரண்டு நாளாகத் தாடை வலிக்கிறது, பல்லாகத்தான் இருக்கும் என்றாள். மகளும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள், கொப்பளிக்கச் சொல்லி. மாரடைப்பு தாடை வழியாகவும் வரும் என்று காலையில் வந்த டாக்டர் சொன்னபோது அவளுக்குத் தன் கையையே வெட்டிப் போட வேண்டும் போலிருந்தது. ஊரார் நெஞ்சையெல்லாம் திறந்து பார்த்தவளுக்கு ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர்.

அழ நேரமில்லை. வண்டியோடு வந்த கூடத்து உதவியாளர், அம்மாவிடமே வேலை பழகிய குள்ளமான மனிதர், கையில் அம்மாவின் உடல்தான விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா தப்பு பண்ணிட்டாங்கம்மா," என்றார். "இது கொடுக்கறவங்க கையெழுத்துப் போட வேண்டிய இடம். காலியா இருக்கு. கீழ சாட்சி இடத்துல போட்டிருக்காங்க."

அவள் வாங்கிப் பார்த்தாள். அம்மாவின் குண்டு குண்டான கையெழுத்து, சாட்சிக்கான கட்டத்தில், கோணாமல் உட்கார்ந்திருந்தது. உடல் கொடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் இத்தனை வருடம் சாட்சி போட்ட கை. தன் தாளிலும் பழக்கதோஷத்தில் அங்கேயே போய்விட்டது.

"பாத்தியா!" மாமாவுக்குக் குரல் வந்துவிட்டது. "அவளே குடுக்கல. நீ யாரு குடுக்க?"

"பெத்த பொண்ணு."

"நான் கூடப் பொறந்தவன்."

அதுதான் சிக்கல். இறந்தவர் கையெழுத்து இல்லையென்றால் ரத்த சொந்தம் எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் முடியாது என்றாலும் வண்டி காலியாகத் திரும்பும். உதவியாளர் இதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவள் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். பிதுங்கும் கூட்டத்தில், டிக்கெட் எடுக்காதவனைக் கத்தக் கத்த இறக்கிவிட்டுப் பழகியவள். மாமாவிடமா தோற்பாள்?

"எதுக்கு மாட்டேங்கறீங்க? காரணத்தச் சொல்லுங்க."

"நெஞ்சு கெட்டுத்தான செத்தா? கெட்டுப்போனத வெச்சு என்ன பாடம்?"

"உங்களுது கெடலையா?"

மாமா தச்சர். நாலு வருடம் முன்பு வால்வு மாற்றினார்கள். சட்டையின் மேல் பட்டனைத் தாண்டி அந்தத் தழும்பு எட்டிப் பார்க்கும். இப்போதும் பார்த்தது.

"உங்கள அறுத்த டாக்டர் முதமுதல்ல யாரை அறுத்துக் கத்துக்கிட்டாரு? மரக்கட்டையவா? யாரோ பெத்த புள்ள மேசையில படுத்ததாலதான் மாமா நீங்க இன்னிக்குக் கதவைச் சாத்திக்கிட்டு நிக்கறீங்க!"

தெருவில் இரண்டு சன்னல்கள் திறந்தன. திறக்கட்டும் என்று அவள் குரலைக் குறைக்கவில்லை. மாமாவின் முகம் சிவந்தது. அடிக்கப் போகிறாரோ என்றுகூட நினைத்தாள். அவர் கதவிலிருந்து கையை எடுத்தார்.

"சிரிப்பானுங்கடி," என்றார் மெதுவாக. "சின்னப் பசங்க. எங்கக்காவ அப்பிடிப் போட்டுட்டு, கிண்டலடிச்சுச் சிரிப்பானுங்க."

ஓ, இதுவா. ஆனாலும் அவள் விடவில்லை.

"வந்து பாருங்க. புடிக்கலன்னா நானே திருப்பிக் கொண்டாந்துடறேன். வீட்டுல நின்னு வேணாம்னு சொல்லாதீங்க, அங்க வந்து சொல்லுங்க."

மாமா வண்டியில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து வந்தார்.

கூடத்தில் எஃகு மேசைகள் துடைத்துப் பளபளவென்றிருந்தன. மருந்து நெடியில் மாமாவுக்குக் கண் எரிந்தது. உதவியாளர் கேட்காமலே அந்தப் பழைய இதயத்தைத் தட்டில் எடுத்து வந்து காட்டினார். சாம்பல் நிறம், முஷ்டி அளவு. உள்ளே அறுந்த நூல்கள்.

"எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சா?" என்றார் மாமா.

"தெரியலய்யா. ஆனா சிரிக்கறதுன்னு சொன்னீங்களே… போன வருஷம் ஒருத்தன் சிரிச்சான். அக்கா அவனை அனுப்பிட்டு, பேராசிரியர் சொல்லியும் ஒரு வாரம் உள்ள விடல. இப்ப எனக்கு அக்கா அளவுக்குச் சத்தம் வராது. ஆனா விடமாட்டேன்."

"நானும் வருவேன்," என்றாள் அவள். "எவன் சிரிக்கறான்னு பாக்கறேன்."

மாமா தட்டைப் பார்த்தபடியே நின்றார். மணி மூன்றே கால்.

"எதால அறுப்பீங்க?"

உதவியாளர் இழுப்பறையைத் திறந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய நீளக் கத்தி ஒன்றை எடுத்தார். "சின்ன வேலைக்கெல்லாம் பிளேடு. இதயத்தைத் திறக்க இதான். ரத்தம் எந்த வழியா உள்ள வருதோ அந்த வழியாவே போகணும், வலப்பக்கத்துலேர்ந்து. அவசரப்பட்டா நூல் போயிடும்."

மாமா கத்தியை வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பி, விளிம்பை ஒரு கண்ணால் பார்த்தார். உளிக்குக் கூர் பார்ப்பதுபோல் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுத்தார்.

"யாரு தீட்டினது?"

"முந்தாநாள் சாயங்காலம். அக்காதான்."

நகத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. மாமா அதையே சற்று நேரம் பார்த்தார். பிறகு கத்தியைத் துணியில் சுற்றி, முனைகளை மடித்துவிட்டு, கையை நீட்டினார்.

"பேனா குடு."