காய் இல்லாத செடி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது என் தங்கையிடமிருந்து சுட்ட கதை. தாவரக் காப்பகத்தில் அவளுக்குப் பதினோரு வருடமாக ஒரே வேலை. மற்றவர்கள் பறித்து வரும் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி, 'சேகரித்தவர்' என்ற இடத்தில் அவர்கள் பெயரை எழுதுவாள். ஒரு தாளிலாவது தன் பெயர் வரவேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை.

2

தண்டவாளத்து ஓரத்தில் ஒரு மஞ்சள் பூ, விதியைப் போல…

(அடித்துவிட்டேன். பூ பூவாக இருந்தால் போதும்.)

வேலைக்குப் போகும் வழியில், சரக்கு ரயில்கள் நிற்கும் இடத்தில், ஜல்லிக்கு நடுவே அந்தச் செடியைப் பார்த்தாள். அவள் ஒட்டிய எந்தத் தாளிலும் அது இல்லை. எங்கிருந்தோ சரக்கோடு வந்து இறங்கியிருக்கிறது! ஒன்றைப் பறித்துப்போய் காப்பக இயக்குநரிடம் காட்டினாள்.

"பூவை மட்டும் வச்சு என்னம்மா சொல்றது? இதே மாதிரி நாலு செடி இருக்கு. காய் கொண்டா, பதிவு பண்றேன்."

செடியைக் காகிதங்களுக்கு நடுவே அழுத்தி உலர்த்தும் பலகைக்குள் வைத்துவிட்டு, மறுநாள் ஓடினாள். களைக்கொல்லி அடித்திருந்தார்கள். எல்லாம் கருகிக் கிடந்தது.

3

இங்கேயே முடிப்பதாக இருந்தேன். தோற்றவர்களைப் பற்றி எழுதினால் எழுத்தாளனுக்குத் தனி மரியாதை. வாசித்த தங்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் எங்கண்ணா தோத்தேன்? நடந்ததை எழுதேன்."

4

நடந்தது இதுதான். பலகைக்குள் இருக்கும் செடி ஈரம் போய்ச் சீக்கிரம் உலர, தினமும் காகிதம் மாற்றவேண்டும். அந்த வேலையில் அது அரிச்சுவடி. மனசு விட்டுப்போய் நான்கு நாள் அவள் அதைத் தொடவே இல்லை. ஐந்தாம் நாள், திட்டு வாங்கத் தயாராகப் பிரித்தாள். ஈரக் காகிதத்துக்குள் அந்தப் பூ, பறித்த பிறகும் சாகாமல், காயாக முற்றி வெள்ளைப் பஞ்சோடு விரிந்திருந்தது.

(நானாகக் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு துணிந்திருக்கமாட்டேன்.)

இயக்குநர் கண்ணிலிருந்து லென்ஸை எடுக்கவே மாட்டேன் என்கிறார்.

"காகிதம் மாத்தலையா நீ?"

"இல்ல சார்."

"நல்ல வேலை பண்ணின. இந்தப் பக்கத்துக்கே இதுதான் முதல் பதிவு."

எனக்கே பெருமை தாங்கவில்லை.

5

முடிவுக்கு மூன்று யோசனை வைத்திருந்தேன். செடி ஊரெல்லாம் பரவி… களைக்கொல்லி அடித்தவர் வந்து… மூன்றாவதைத் தங்கை சொல்லவே விடவில்லை, பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ முடிக்க வேண்டாம். படிக்கிறவங்க நேர்ல காப்பகத்துக்கு வரட்டும். அந்தத் தாளைக் கேட்டா நானே எடுத்துக் காட்டுவேன். யார் சேகரிச்சதுன்னு அவங்களே வாசிச்சுக்கட்டும்."

போய் வாசியுங்கள். காலை பத்து மணிக்குத் திறப்பார்கள்.